தலை போன தென்னை தளிர்க்குமா? குருத்துக்கல ஆய்வும் அதன் அறமும்

போன மாதம் களுவாஞ்சிக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு பிள்ளை வீட்டுக்கு வந்திருந்தாள். பதினைந்து வருடத்துக்கு முன் என்னிடம் உயர்தர உயிரியல் படித்தவள். இப்போது ஆறு வயது மகனுக்குத் தாய். பிறக்கும்போது மூளைக்கு ஒட்சிசன் போதாமல் போனதில் பொடியனுக்குப் பெருமூளை வாதம். தூக்கி நிறுத்தினால் இரண்டு காலும் கத்தரிக்கோல் போலப் பின்னிக்கொள்ளும். சிரிப்பு மட்டும் அடுத்த வளவுக்கும் கேட்கும். வந்து இருந்ததும் போனை நீட்டினாள். "இதை ஒருக்காப் பாருங்க சேர்."

வட்ஸ்அப்பில் வந்த விளம்பரம். வெளிநாட்டு நகரம் ஒன்றில் தனியார் சிகிச்சை நிலையம். 'ஸ்டெம் செல்' ஊசி மூன்று தடவை, நடுவில் ஒரு மாத இடைவெளி. கீழே குணமாகும் நோய்களின் பட்டியல்: பெருமூளை வாதம், ஓட்டிசம், நீரிழிவு, பாரிசவாதம், முழங்கால் தேய்வு, தலைமயிர் உதிர்வு. செலவு நம் காசுக்கு 18 இலட்சம். காணி உறுதியை ஈடு வைக்கலாமா என்று புருசனும் பெண்சாதியும் யோசிக்கிறார்கள். "வயது ஏறினால் பலன் குறையுமாம் சேர். மறுகா சந்தர்ப்பம் கிடைக்காதாம்."

பாரிசவாதமும் மயிர் உதிர்வும் ஒரே ஊசியில் போகும் என்று ஒருவன் சொன்னால் அவன் எதையோ விற்கிறான் என்று அர்த்தம். அவ்வளவும் எனக்கு அந்த இடத்திலேயே தெரியும். ஆனால் 'எல்லாம் ஏமாற்று' என்று சொல்லி அவளை அனுப்பவும் மனம் வரவில்லை, ஏனென்றால் எல்லாம் ஏமாற்று என்பதும் பொய். ஒரு கிழமை தவணை கேட்டு, பழைய குறிப்புகளையும் புதியவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு இருந்தேன். அவளுக்குச் சொல்ல எழுதியதுதான் இது.

1978 நவம்பர் 23 இரவு அடித்த சூறாவளியை மட்டக்களப்பில் என் வயதுக்காரர் யாரும் மறக்கமாட்டார்கள். விடிந்து பார்த்தால் கரையோரம் முழுக்கத் தென்னைகள் தலையில்லாமல் நின்றன. வேர் அப்படியே இருந்தது, மரத்திலும் பழுதில்லை. ஆனாலும் தலை முறிந்த ஒரு தென்னைகூடத் திரும்பத் தளிர்க்கவில்லை, நின்றபடியே உளுத்தன. அதே வளவில் சாய்ந்து நசிந்து கிடந்த வாழைகளின் அடியிலிருந்து சில கிழமைக்குள் குட்டிகள் கிளம்பின. தென்னைக்கு வளரும் இடம் ஒன்றே ஒன்று, உச்சிக் குருத்து. அது போனால் மரம் போயிற்று. கொம்பன் வண்டு குருத்தைக் குடைந்தாலும் கதை அதுதான். வாழைக்கோ கிழங்கில் பல கண்கள்.

மனித உடம்பு இந்த இரண்டையும் சேர்த்துக் கட்டியது. இரத்தம், தோல், குடலின் உட்புறப் படலம் எல்லாம் வாழை மாதிரி. சிவப்பணு ஒன்றின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். போவதை ஈடுகட்ட எலும்புக்குள் இருக்கும் மச்சை ஒவ்வொரு செக்கனும் சுமார் 20 இலட்சம் சிவப்பணுக்களை உண்டாக்குகிறது. நீங்கள் இந்த வரியை வாசித்து முடிப்பதற்குள் ஒரு கோடி பிறந்திருக்கும். இதயத் தசை, முள்ளந்தண்டு நரம்பு, விழித்திரை, மூளை இவை தென்னைச் சாதி. செத்தது செத்ததுதான், தழும்பு வரும், புதுத் தளிர் வராது.

இந்த வித்தியாசத்துக்குக் காரணமான கலத்தைத்தான் ஸ்டெம் செல் என்கிறார்கள். தமிழில் தண்டுக்கலம், மூலக்கலம், குருத்தணு என்று ஆளுக்கொரு பெயர். எங்கள் ஊரில் குருத்து என்றால் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும் என்பதால் நான் குருத்துக்கலம் என்றே எழுதுகிறேன். அதற்கு இரண்டு வேலை. பிரியும்போது தன்னைப் போலவே ஒன்றை மிச்சம் வைக்கும். இன்னொன்றை இரத்தமாகவோ தோலாகவோ முற்றவிடும். விதைநெல்லை எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தைக் குத்தும் வயல்காரன் போல. விதைநெல்லையும் தின்றால் அடுத்த போகம் இல்லை. விதை அளவில்லாமல் பெருகினாலோ அதற்குப் புற்றுநோய் என்று பெயர். மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் இந்த இரண்டாவது ஆபத்தை மறக்கக்கூடாது. பின்னால் திரும்ப வருவேன்.

இப்படி ஒரு கலம் இருக்கிறது என்பதை எண்ணிக் காட்டியவர்கள் கனடாவின் டொரொன்டோவில் வேலை செய்த ஜேம்ஸ் டில்லும் ஏர்னஸ்ட் மக்கலக்கும். கதிர்வீச்சால் மச்சை செத்துப்போன எலிகளுக்கு வேறு எலியின் மச்சையைச் செலுத்திப் பார்த்தார்கள். சில நாளில் அவற்றின் மண்ணீரலில் சின்னச் சின்ன முடிச்சுகள் எழும்பின. ஒவ்வொரு முடிச்சும் தனி ஒரு கலத்தின் வம்சம் என்று பின்னர் நிரூபித்தார்கள். 1961இலும் 1963இலும் வந்த ஆய்வுகள் அவை. அமெரிக்காவில் டொனால் தோமஸ் என்ற வைத்தியர் அதற்கு முன்பே, 1950களின் நடுப்பகுதியிலிருந்து, நோயாளருக்கு மச்சை மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் நோயாளர்கள் அநேகமானோர் பிழைக்கவில்லை. வருடக்கணக்காகத் தோற்றுத் தோற்றுத்தான் அது சிகிச்சையானது. 1990இல் அவருக்கு நோபல் பரிசு. இன்றைக்கு இரத்தப் புற்றுநோய்க்கும் சில பரம்பரை இரத்த நோய்களுக்கும் மச்சை மாற்றுவது உலகமெங்கும் நடக்கும் வேலை. ஆக, குருத்துக்கலச் சிகிச்சை கனவில்லை. அரை நூற்றாண்டுக்கு மேலாக வேலை செய்வது. ஆனால் இரத்தத்துக்கு. வாழையை வாழை இருந்த இடத்தில் நடும் வேலை அது.

வகுப்பில் இந்த இடம் வந்தால் யாராவது ஒரு பிள்ளை தவறாமல் கேட்கும்: "ஒரே குடி ஆட்கள் என்றால் மச்சை பொருந்துமா சேர்?" எங்கள் பக்கத்தில் மட்டுமே கேட்கக்கூடிய கேள்வி. மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் தமிழருக்கும் சரி, முஸ்லிம்களுக்கும் சரி, குடி என்ற வம்சப் பிரிவு தாய்வழியாக வருவது. ஆனால் மச்சைப் பொருத்தம் குடி பார்ப்பதில்லை. பொருத்தத்தைத் தீர்மானிக்கும் எச்.எல்.ஏ. என்ற பரம்பரை அலகுக் கூட்டம் ஆறாவது நிறமூர்த்தத்தில் இருக்கிறது. தாயிடமிருந்து ஒரு தொகுதி, தகப்பனிடமிருந்து ஒரு தொகுதி. கூடப்பிறந்த ஒருவரோடு முழுதாகப் பொருந்தும் வாய்ப்பு நாலில் ஒன்று. தாயோ தகப்பனோ வழக்கமாகப் பாதிதான் பொருந்துவார்கள். குடியைப் போலத் தாய்வழியே மட்டும் போவது உடம்பில் ஒன்று உண்டு, கலத்துக்குச் சக்தி கொடுக்கும் இழைமணி. எங்கள் மூதாதையர் நுணுக்குக்காட்டி இல்லாமலே அதைப் பிடித்துவிட்டார்கள் என்று பகிடியாகச் சொல்வேன். பிள்ளைகள் சிரிப்பார்கள்; பரீட்சையில் மறக்கமாட்டார்கள்.

சரி, தென்னைக்கு வருவோம். செத்த இதயத் தசையையும் நரம்பையும் திரும்ப முளைக்க வைக்க முடியுமா? அதற்கு எந்த உறுப்பாகவும் மாறக்கூடிய ஒரு குருத்துக்கலம் வேண்டும். அது எங்கே இருக்கும் என்று யோசித்தால் விடை ஒன்றுதான். நாம் எல்லோரும் ஒரு காலத்தில் ஒரே ஒரு கலமாக இருந்தோம். கருக்கட்டி ஐந்தாறு நாளான முளையம் நூறு, நூற்றைம்பது கலம் கொண்ட சிறு பந்து. கடல் மணலில் ஒரு பரலைவிடச் சிறிது. அதன் உள்ளே ஒரு பக்கத்தில் ஒட்டியிருக்கும் சில பத்துக் கலங்களிலிருந்துதான் முழு மனிதனும் வருகிறான். 1981இல் எலி முளையத்திலிருந்து அந்தக் கலங்களை எடுத்து வளர்த்தார்கள். மனித முளையத்தில் அதைச் செய்ய மேலும் 17 வருடம் எடுத்தது. 1998இல் அமெரிக்காவின் விஸ்கொன்சினில் ஜேம்ஸ் தொம்சன் செய்து காட்டினார்.

அந்த முளையங்கள் எங்கிருந்து வந்தன? சூறாவளி அடித்த அதே 1978இல், ஜூலை மாதம், இங்கிலாந்தில் முதலாவது சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்திருந்தது. பிள்ளைப்பேறுக்காக இப்படி வெளியே கருக்கட்டும்போது பல முளையங்கள் உண்டாகும், ஒன்றிரண்டைத்தான் கருப்பையில் வைப்பார்கள். மிச்சம் உறைபெட்டியில். பெற்றோருக்குப் பிள்ளை கிடைத்தபின் அந்த மிச்சத்தை என்ன செய்வது? தொம்சன் பயன்படுத்தியவை அப்படி மிஞ்சியவை, பெற்றோர் சம்மதித்துக் கொடுத்தவை. உள்ளே இருக்கும் கலங்களை எடுத்தால் முளையம் அழியும். சண்டை தொடங்கியது அங்கேதான்.

அமெரிக்காவில் இது தேர்தல் மேடை வரைக்கும் போனது. 2001இல் ஜோர்ஜ் புஷ், அதுவரை உருவாக்கிய கல வரிசைகளுக்கு (முளையத்திலிருந்து எடுத்துத் தொடர்ந்து பெருக்கும் கலக் கூட்டங்களுக்கு) மட்டுமே மத்திய அரசின் பணம் என்று கட்டுப்படுத்தினார். 2009இல் ஒபாமா அதைத் தளர்த்தினார். அதை விடுங்கள். மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகும் வீதியில் பத்து நிமிடம் பஸ்ஸில் இருந்தால் தேவாலயம், பள்ளிவாசல், கோயில் மூன்றும் யன்னலில் வந்துபோகும். அந்த மூன்று வாசலிலும் இறங்கி 'உயிர் எப்போது தொடங்குகிறது?' என்று கேட்டால் மூன்று விதமான பதில் கிடைக்கும்.

கத்தோலிக்கத் திருச்சபையின் நிலை தெளிவு. கருக்கட்டிய கணத்திலிருந்தே அதை ஒரு மனிதருக்குரிய மரியாதையோடு நடத்தவேண்டும். 1987இலும் 2008இலும் வத்திக்கான் வெளியிட்ட அறிவுறுத்தல்கள் இதைத்தான் சொல்கின்றன. முளையத்தை அழித்து எடுக்கும் கலம் பாவம். வளர்ந்தவரின் மச்சையிலிருந்தோ தொப்புள்கொடி இரத்தத்திலிருந்தோ எடுப்பதற்குத் தடையில்லை. 'சேர்ச் ஸ்டெம் செல்லுக்கு எதிரி' என்று பொதுவாகச் சொல்வது ஆகவே பிழை. இஸ்லாமிய மரபில் 40 நாள் மூன்று தரம் கழிந்து, 120ஆம் நாளில் உயிர் ஊதப்படுகிறது என்ற ஹதீஸை வைத்துப் பேசுவார்கள். 40ஆவது நாளை எல்லையாகக் கொள்ளும் அறிஞர்களும் உண்டு. 2003இல் மக்காவில் கூடிய இஸ்லாமிய சட்டவியல் பேரவை, மிஞ்சிய முளையங்களைப் பெற்றோர் சம்மதத்தோடு ஆய்வுக்கு எடுக்கலாம், ஆய்வுக்கென்றே முளையம் உண்டாக்கக்கூடாது என்றது. சைவருக்கு இப்படித் தீர்ப்புச் சொல்லும் சபை ஒன்றும் இல்லை. வினையோடு கூடிய உயிர் கருவில் வந்து சேர்கிறது என்பது பொது நம்பிக்கை. எந்த நாளில் என்று கேட்டால் ஐயர் ஒன்று சொல்வார், ஆச்சி வேறொன்று சொல்வார். அம்பாறையின் உட்பகுதிக்குப் போய்ப் பௌத்தரைக் கேட்டால், விஞ்ஞாணம் என்ற உணர்வு கருத்தரிப்பிலேயே வந்து சேர்கிறது என்று பலர் சொல்வார்கள்.

சட்டம் போட்டவர்கள் இந்த வழக்கைத் தீர்க்க முடியாது என்று தெரிந்து நடுவில் ஒரு வேலி கட்டினார்கள். மெய்யியலாளர் மேரி வார்னொக் தலைமையில் பிரித்தானியக் குழு ஒன்று 1984இல் சொன்னது: ஆய்வுகூடத்தில் மனித முளையத்தை 14 நாளுக்கு மேல் வளர்க்கக்கூடாது. அந்த நாள் வாக்கில்தான் முதுகுப்புறமாக ஒரு கோடு தோன்றி, முளையத்துக்குத் தலை எது, கால் எது என்று நிச்சயமாகிறது. அதற்கு முன் ஒன்று இரண்டாகப் பிரிந்து இரட்டைப் பிள்ளைகள் ஆகலாம், பின்னர் ஆகாது. 'ஓர் ஆள்' என்று எண்ணிச் சொல்ல முடியாத ஒன்றை ஆள் என்பதா என்பது அந்த வாதத்தின் உள்ளீடு. 1990இல் பிரித்தானியா அதைச் சட்டமாக்கியது, பல நாடுகள் பின்தொடர்ந்தன. அப்போது 14 நாள் வரை வளர்க்க யாருக்கும் முடியவும் இல்லை, வேலி கட்டுவது சுலபம். இப்போது முடிகிறது. 2021இல் குருத்துக்கல ஆய்வாளரின் சர்வதேச சங்கம் அந்த எல்லையைக் கட்டாயத் தடைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. 2023இல் விந்தோ முட்டையோ இல்லாமல், குருத்துக்கலங்களை மட்டும் சேர்த்து முளையம் போன்ற உருவங்களை வளர்த்துக் காட்டினார்கள். முளையமா, முளையத்தின் பொம்மையா என்று இன்னும் இழுபறி.

என் எண்ணத்தைக் கேட்டால், எப்படியும் எறியப்போகும் முளையத்தைப் பெற்றோர் மனமொத்து ஆய்வுக்குக் கொடுப்பதில் எனக்குப் பெரிய நெருடல் இல்லை. ஆய்வுக்கென்றே உண்டாக்குவதில் இருக்கிறது. வாதம் வைத்து நிறுவ என்னால் முடியாது. சிலவற்றுக்கு நெருடலே போதும் என்று நினைக்கிறேன்.

இந்தச் சண்டையின் சூட்டைப் பாதியாகக் குறைத்தவர் ஷின்யா யமனாகா. ஜப்பானியர். எலும்பு முறிவு வைத்தியராகத் தொடங்கியவர்; சத்திரசிகிச்சையில் கை அவ்வளவு வராததால், பெயரைத் திருப்பி 'ஜமனாகா', அதாவது இடைஞ்சல்காரன், என்று மேலாளர்கள் கேலி செய்தார்களாம். ஆய்வுக்கு வந்தபின் ஒருநாள் நண்பரின் சிகிச்சை நிலையத்தில் நுணுக்குக்காட்டி வழியே ஒரு முளையத்தைப் பார்த்திருக்கிறார். இதற்கும் என் பெண்பிள்ளைகளுக்கும் எவ்வளவு சின்ன வித்தியாசம் என்று அவருக்குப் பட்டது. வேறு வழி தேடினார். முற்றிய கலத்தைத் திரும்பக் குருத்தாக்க முடியாதா? 24 பரம்பரை அலகுகளைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கழித்துக் கழித்து, கடைசியில் நாலே நாலில் வந்து நின்றார். அந்த நாலையும் எலியின் தோல் கலத்துக்குள் செலுத்தினால் அது முளையக் கலம் போலவே ஆகிவிடுகிறது. இது 2006இல். அடுத்த வருடம் மனிதத் தோலிலும் செய்தார். காய்ந்த ஓலையைத் திரும்பக் குருத்தாக்கியது போல. 2012இல் நோபல் பரிசு; 1962இலேயே தவளையில் இதற்கு வழி காட்டிய ஜோன் கேர்டனோடு பகிர்ந்துகொண்டார்.

ஆனால் அந்த நாலில் ஒன்று புற்றுநோயோடு தொடர்புள்ளது. நான் மறக்கவேண்டாம் என்று சொன்ன ஆபத்து இதுதான். பெருகும் வல்லமையும் புற்றாகும் வல்லமையும் ஒட்டிப் பிறந்தவை. 2014 செப்டெம்பரில் ஜப்பானின் கோபே நகரில், எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்ணின் தோலிலிருந்து இப்படிக் கலம் உண்டாக்கி, விழித்திரைப் படலமாக வளர்த்து, அவர் கண்ணிலேயே வைத்தார்கள். உலகத்திலேயே முதல் தடவை. அடுத்த நோயாளருக்கும் எல்லாம் தயார். கலங்களைப் பரிசோதித்தபோது பரம்பரை அலகுகளில் சில மாற்றங்கள் தெரிந்தன. நிறுத்திவிட்டார்கள். கண்ணுக்கு முன்னால் நோயாளி காத்திருக்க, உலகம் கைதட்டக் காத்திருக்க, நிறுத்தினார்கள். இந்தத் துறையில் எனக்குப் பிடித்த சம்பவம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

எல்லோரும் அப்படி இல்லை. தென்கொரியாவின் ஹ்வாங் வூ-சுக், நகலாக்கம் மூலம் மனிதக் குருத்துக்கலம் உண்டாக்கிவிட்டதாக 2004இலும் 2005இலும் அறிவித்தார். தேசிய வீரர் ஆனார், முத்திரைகூட வெளியிட்டார்கள். 2006 தொடக்கத்தில் எல்லாம் புனைவு என்று நிரூபணமானது. அந்தப் பொய்க்காகப் பெண்களிடமிருந்து எடுக்கப்பட்ட முட்டைகள் 2,000க்கு மேல். கொடுத்தவர்களில் அவருடைய ஆய்வுகூடத்தில் அவருக்குக் கீழே வேலை செய்த இளம் பெண்களும் இருந்தார்கள். மேலதிகாரி கேட்கும்போது கொடுக்கும் சம்மதம் சம்மதமா? முளையத்துக்கு உயிர் உண்டா என்று உலகம் வாதாடிய நேரத்தில், உயிர் உண்டென்று சந்தேகமே இல்லாத பெண்களைப் பற்றி யாரும் பெரிதாகக் கேட்கவில்லை.

அப்புறம், விற்பனை. அவளுடைய போனில் வந்தது இந்தப் பகுதி. வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி எடுத்து, அதைக் கடைந்து, வருவதைக் குருத்துக்கலம் என்று பெயர்சூட்டி, நோயுள்ள இடத்தில் குத்துவது. 2015இல் அமெரிக்காவின் புளோரிடாவில் பார்வை மங்கிய மூன்று வயோதிபப் பெண்களுக்கு இரண்டு கண்ணிலும் ஒரே நாளில் இப்படி ஊசி போட்டார்கள். ஆளுக்கு 5,000 டொலர். மூவருக்கும் பார்வை மிக மோசமாகப் பறிபோனது. இன்னொரு கதை இதைவிட விசித்திரம். இடுப்புக்குக் கீழே இயங்காத ஒரு பெண்ணுக்கு, மூக்கின் உள்ளிருந்து எடுத்த கலங்களைப் போர்த்துக்கலில் முள்ளந்தண்டில் வைத்தார்கள். நரம்பு முளைக்கும் என்று எதிர்பார்ப்பு. எட்டு வருடம் கழித்து வலி தாங்காமல் வெட்டிப் பார்த்தால், முதுகெலும்புக்குள் மூக்கின் இழையம் வளர்ந்து, சளி சுரந்துகொண்டு இருந்தது. கலம் தனக்குத் தெரிந்ததைச் செய்திருக்கிறது. வாழைக்குட்டியைத் தென்னையின் உச்சியில் கட்டிவிட்டால் அது இளநீர் காய்க்காது.

ஓர் உண்மையையும் சொல்ல வேண்டும். பெருமூளை வாதத்துக்குத் தொப்புள்கொடி இரத்தத்தைக் கொடுத்துப் பார்க்கும் முறையான ஆய்வுகள் நடந்திருக்கின்றன. சிலவற்றில் சிறு முன்னேற்றம் பதிவாகியும் இருக்கிறது. ஆனால் அது வழமையான சிகிச்சை என்ற இடத்துக்கு வரவில்லை. விளம்பரக்காரர்கள் வெட்டி ஒட்டுவது இந்த ஆய்வுகளின் ஒரு வரியைத்தான். இந்தியாவின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017இல் வெளியிட்ட வழிகாட்டியில், இரத்த நோய்களுக்கு மச்சை முதலான இரத்தக் குருத்துக்கலம் மாற்றுவது தவிர, மற்ற எதுவும் அங்கீகரித்த ஆய்வாக மட்டுமே நடக்கலாம் என்று பச்சையாக எழுதியிருக்கிறது. ஆய்வில் சேரும் நோயாளியிடம் காசு வாங்குவது முறையில்லை. நம் நாட்டில் மனித இழையங்களை எடுத்து மாற்றுவதற்கான சட்டம் 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கம். மனித முளையக் கலத்தை யாரும் கண்ணால் காண்பதற்குப் பதினொரு வருடம் முந்தியது.

தொப்புள்கொடியைப் பற்றிக் கொஞ்சம். வீட்டில் பிள்ளை பெற்ற காலத்தில் மருத்துவிச்சி கொடியை முற்றத்தில் புதைத்துவிடுவாள், நாய் தோண்டாமல் இருக்க மேலே கல் வைப்பாள். இப்போது கொடி இரத்தத்தை எடுத்து மறை 196 பாகைக் குளிரில் திரவ நைதரசனில் வைத்துத் தருகிறோம், உங்கள் பிள்ளைக்கு வாழ்நாள் காப்புறுதி என்று கம்பனிகள் வருகின்றன. முதற்பிள்ளைத்தாச்சியின் பயம் நல்ல வியாபாரம். கொடி இரத்தத்தில் குருத்துக்கலம் இருப்பது உண்மை. 1988இல் பரிஸில் பரம்பரை இரத்த நோய் உள்ள ஒரு சிறுவனுக்குக் கொடி இரத்தம் கொடுத்து முதன்முதலில் காப்பாற்றினார்கள். ஆனால் அது அவனுடைய கொடி இல்லை, அவன் தங்கையுடையது. பிள்ளைக்குத் தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய் என்றால் அதன் கொடி இரத்தத்திலும் அதே பழுது இருக்கும். அதைத் திரும்ப ஏற்றி என்ன பயன்? அளவும் ஒரு குவளைக்கு மிஞ்சாது, பெரிய ஆளுக்குப் போதாது. பொதுவங்கியில் கொடுத்தால் யாரோ ஒருவருக்கு உதவும், இரத்ததானம் போல. தனியார் பெட்டகத்தில் வைப்பதை அந்த இந்திய வழிகாட்டியும் பரிந்துரைக்கவில்லை. இறந்தபின் கண்ணைக் கொடுத்து ஊர்பேர் தெரியாதவனுக்குப் பார்வை தருவதில் பேர்பெற்ற நாடு நம்முடையது. 1961இல் ஹட்சன் சில்வா தொடங்கிய கண்தானச் சங்கம் வெளிநாடுகளுக்கும் விழிவெண்படலம் அனுப்புகிறது. அந்த நாட்டில் கொடியை மட்டும் பூட்டி வைக்கச் சொல்கிறார்கள்.

தலசீமியா என்றேன். மலேரியா ஆண்ட உலர்வலயத்தில் அந்தப் பரம்பரை அலகு நிலைத்ததற்கு மலேரியாவே காரணம். ஒரு பிரதி மட்டும் உள்ளவருக்குக் காய்ச்சலிலிருந்து ஓரளவு பாதுகாப்பு. 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது. நுளம்பு தந்த காய்ச்சல் போய்விட்டது, அது விட்டுச்சென்ற அலகு போகவில்லை. இரண்டு பிரதியும் வாங்கிய பிள்ளை மூன்று நாலு கிழமைக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றவேண்டும், சேரும் இரும்பை மருந்தால் வெளியேற்றவேண்டும், சீவியகாலம் முழுக்க. இந்த நோய்க்கு இப்போது ஒரு புதுமை வந்திருக்கிறது. நோயாளியின் சொந்த இரத்தக் குருத்துக்கலத்தை எடுத்து, கிறிஸ்பர் என்ற வெட்டுக்கருவியால் ஒரு இடத்தைத் திருத்தி, கருவில் இருந்தபோது சுரந்த ஈமோகுளோபினைத் திரும்பச் சுரக்க வைத்து, உடம்பிலேயே விடுவது. கஸ்ஜெவி என்று பெயர். 2023 நவம்பரில் பிரித்தானியா முதலில் அனுமதித்தது. பலர் இரத்தம் ஏற்றாமலே வாழ்கிறார்கள். அமெரிக்காவில் விலை 22 இலட்சம் டொலர், ஓர் ஆளுக்கு. தலசீமியா அதிகம் உள்ள நாடுகள் எவை, அந்தக் காசு உள்ள நாடுகள் எவை என்று ஒரு வரைபடத்தில் நிறம் தீட்டிப் பார்த்தால் முளையச் சண்டையெல்லாம் எனக்குக் கொஞ்சம் சின்னதாகத் தெரியும்.

நீரிழிவும் இப்படித்தான். 2025இல் வந்த ஆய்வில், குருத்துக்கலத்திலிருந்து வளர்த்த இன்சுலின் சுரக்கும் கலங்களை முழு அளவில் பெற்ற 12 பேரில் 10 பேர் ஒரு வருடத்தின்பின் இன்சுலின் ஊசி இல்லாமல் இருந்தார்கள். தென்னை ஒன்று மெய்யாகவே தளிர்த்த செய்தி. ஆனால் அவர்கள் எல்லோரும் இன்சுலின் சுரக்கும் கலங்களே அழிந்துபோன முதலாம் வகை நோயாளர். உடம்பு அந்தக் கலங்களை நிராகரிக்காமல் இருக்க நிர்ப்பீடனத்தை அடக்கும் மருந்தைத் தொடர்ந்து எடுக்கவேண்டும். எங்கள் பக்கத்தில் கிளினிக் வரிசையில் கொப்பியோடு நிற்பவர்களில் பெரும்பாலானோருக்கு இருப்பது இரண்டாம் வகை.

கிழமை முடிந்து அவள் வந்தாள், பொடியனையும் கூட்டிக்கொண்டு. விளம்பரத்தில் இருந்த இலக்கத்துக்கு அவளுடைய போனிலிருந்தே எடுத்து, சத்தமாகப் போட்டோம். மறுமுனையில் மரியாதையான குரல். இது ஆய்வா, சிகிச்சையா என்று கேட்டேன். "ரெண்டும்தான் சார்." யாருடைய கலம்? பிள்ளையின் கொழுப்பிலிருந்து எடுப்பார்களாம். அது மூளைக்கு எப்படிப் போகும்? "அது தானா கண்டுபிடிச்சுப் போயிரும் சார்." ஊருக்குத் திரும்பி வந்தபின் ஏதும் நடந்தால் யார் பார்ப்பது? டொக்டர் திரும்ப அழைப்பார் என்றது குரல். டொக்டர் அழைக்கவில்லை. இந்தியாவின் மருத்துவ ஆய்வுப் பதிவேட்டிலும், இலங்கை மருத்துவச் சங்கம் நடத்தும் நம் நாட்டுப் பதிவேட்டிலும் அந்த நிலையத்தின் பெயரைத் தேடினோம், இல்லை. இருந்தாலும் நம்பியிருக்க முடியாது என்பதையும் சொன்னேன். புளோரிடாப் பெண்களில் சிலர் பார்த்ததும் ஒரு பதிவேட்டில்தான். ஆய்வென்று சொல்லிக் காசு கேட்டார்களா என்பதைத்தான் முதலில் பார்க்கவேண்டும்.

"அப்ப இவனுக்கு ஒண்டும் இல்லையா சேர்?" அந்தக் கேள்விக்கு நான் எழுதி வைத்த ஒரு வரியும் உதவவில்லை. உடற்பயிற்சிச் சிகிச்சைக்கு எத்தனை தரம் போகிறாய் என்று கேட்டேன். கிழமைக்கு இரண்டு தரம் வரச் சொன்னார்களாம். அவளுடைய உள்ளூருக்கு நேரத்துக்கு பஸ் இல்லை, ஆட்டோ போய்வர 6,000 ரூபாய், அதனால் இரண்டு கிழமைக்கு ஒருமுறைதான். பேச்சை நிறுத்தி போனில் கணக்குப் பார்த்தாள். 18 இலட்சத்தை 6,000ஆல் பிரித்தாள்.

"முந்நூறு தரம் சேர். கிழமைக்கு ரெண்டு எண்டா மூணு வருசத்துக்குக் கிட்ட வருது." கொஞ்ச நேரம் அந்த இலக்கத்தையே பார்த்துக்கொண்டு இருந்தாள். பிறகு புருசனின் இலக்கத்தை அழுத்தி போனை என்னிடம் நீட்டினாள். "அவருக்கிட்ட நீங்களே ஒருக்காச் சொல்லுங்க. நான் சொன்னாக் கேக்கமாட்டார்."